கூவும் பெட்டை

பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா என்று கேட்கிறவர்கள் யாரும் பெட்டைக்கோழி கூவாது என்று சொல்வதில்லை. பழமொழியை ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். பெட்டை கூவும் என்பதை அது முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறது. கூவிக்கொள்ளட்டும், அதைக் கேட்டு யாரும் எழுந்திருக்கப் போவதில்லை என்பதுதான் அதன் மிரட்டல். இந்தப் பழமொழியை உண்டாக்கியவர் கோழி வளர்த்தவராகத்தான் இருக்க வேண்டும். கூவுகிற பெட்டை ஒன்றை அவர் எங்கோ பார்த்திருக்கிறார், பார்த்துக் கலங்கியிருக்கிறார்.

எனக்கு இது கடைசியாகச் சொல்லப்பட்டது ஒரு துறைக்கூட்டத்தில். மாணவியர் விடுதியின் கதவை மாலை ஆறு மணிக்கே பூட்டுவது பற்றிப் பேச்சு வந்தது. நூலகம் எட்டு மணி வரை திறந்திருக்கும்போது ஆய்வு செய்கிற பெண்கள் மட்டும் ஐந்தரைக்கே புத்தகத்தை மூடிவிட்டு ஓட வேண்டுமா என்று கேட்டேன். மூத்த பேராசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே பழமொழியைச் சொன்னார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், பெண்கள் மூவர் உட்பட. கூட்டக் குறிப்பில் என் கேள்வி ஏறவில்லை. பூட்டு இன்றும் ஆறு மணிக்குத்தான் விழுகிறது.

சேவல் கூவியும் பொழுது விடிவதில்லை என்பது குழந்தைக்கும் தெரியும். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தின் ஷிம்முரா, யோஷிமுரா என்ற ஆய்வாளர்கள் 2013இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இரவு பகல் தெரியாதபடி ஒரே மங்கலான வெளிச்சத்தில் அடைத்து வைத்த சேவல்களும் ஏறக்குறைய ஒரு நாள் இடைவெளியில் கூவிக்கொண்டுதான் இருந்தன. உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. இரண்டு ஆண்டு கழித்து அவர்கள் இன்னொன்றையும் சொன்னார்கள். ஒரு கூட்டத்தில் முதலில் கூவுவது தலைமைச் சேவல். மற்றவை தத்தம் அந்தஸ்து வரிசைப்படி காத்திருந்து கூவும். தலைமைச் சேவலைத் தூக்கிவிட்டால் அடுத்த இடத்தில் இருப்பது முதலில் கூவத் தொடங்கும். எங்கள் துறைக்கூட்டத்தை ஒருநாளும் பார்க்காமலே எழுதியிருக்கிறார்கள்.

பொழுது விடியாமலே கூவிய சேவல் ஒன்றும் நம் கதைகளில் இருக்கிறது. அகலிகை கதையை ஊரில் சொல்கிறபோது, நள்ளிரவில் சேவலாகக் கூவுகிறவன் இந்திரன். விடிந்துவிட்டது என்று நம்பி முனிவர் ஆற்றுக்குப் போகிறார். பொய்க்குரல் கொடுத்தவன் சாபம் வாங்கினாலும் தேவர்களின் அரசனாகவே நீடித்தான். கல்லாய்க் கிடந்தவள் அவள். அதற்குப் பிறகும் சேவலை நம்பாதே என்று நமக்கு ஒரு பழமொழி உண்டாகவில்லை.

நான் பார்த்த கூவும் பெட்டை சேர்வராயன் மலையில், ஏற்காட்டிலிருந்து நாகலூர் தாண்டிப் போகிற பாதையில் இருக்கும் ஒரு சிற்றூரில் வளர்ந்தது. என் மாணவி ஒருத்தியின் பெரியம்மாவுடைய கோழி. அவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம், மலையை ஆளுகிறவர்கள் என்று அவர்கள் பொருள் சொல்கிறார்கள். சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் ஏரியைப் பார்த்து, சேர்வராயன் கோவிலுக்குப் போய், காபியும் மிளகும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். ஏற்காட்டுக் காபிக்கு எழுதிவைத்த வரலாறு இருக்கிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தார் என்று எல்லாக் கையேட்டிலும் போட்டிருக்கும். வீட்டுக்குப் பின்னால் மேய்கிற கோழிக்கு அப்படி எதுவும் கிடையாது. பெண்கள் கையில் இருக்கிற சொத்துக்குப் பதிவேடு போடுகிற பழக்கம் நமக்கு எப்போதும் இருந்ததில்லை.

மாணவியின் பெரியம்மா என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் அக்கா என்றேன், அவர் என்னைக் கண்ணு என்றார். காலையில் மூங்கில் கொடாப்பைத் தூக்கியதும் வெளியே வந்த கோழிகளில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. கழுத்தில் ஓர் இறகுகூட இல்லாமல் சிவந்த தோலோடு ஒன்று. கண்ணை மறைக்கும் கொண்டை இறகோடு ஒன்று. காலில் ஐந்து விரலோடு ஒன்று; கோழிக்கு வழக்கமாக நான்குதான். தரையோடு தரையாக உருண்டு வந்த குட்டைக்கால் கோழி ஒன்று. எல்லாம் மரபணுவில் நேர்ந்த சிறு சிறு பிசகுகள். பிசகு என்பது சரியான சொல்தானா என்று தெரியவில்லை, நம்மிடம் இருப்பது அதுதான்.

குட்டைக்கால் விஷயம் கொஞ்சம் வேடிக்கையானது. அந்த மரபணு தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரு பங்கு மட்டும் வந்தால் குஞ்சுக்குக் கால் குட்டையாகும், அவ்வளவுதான். இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் கரு முட்டைக்குள்ளேயே இறந்துபோகும். எனவே குட்டைக்கால் சேவலையும் குட்டைக்கால் பெட்டையையும் சேர்த்தால் நான்கில் ஒரு பங்கு முட்டை பொரிக்காமல் போக வாய்ப்பு உண்டு. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அக்கா சொன்னது இது: “குட்டையும் குட்டையும் சேந்தா கூமுட்ட ஜாஸ்தி கண்ணு. அதான் குட்டச்சிய நெட்டச் சேவலோட வுட்டுருவேன்.” மெண்டலின் பட்டாணிச் செடியை அறியாத ஒரு பெண் முட்டைகளை எண்ணி எண்ணியே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

இந்த விநோதங்களைக் கண்டு அந்த ஊரில் யாரும் பயப்படவில்லை. அரசாங்கமும் பயப்படுவதில்லை. கழுத்தில் இறகில்லாத கோழிக்கு உடல் சூடு சீக்கிரம் வெளியேறும், வெயில் தாங்கும் என்று கண்டதும் இஸத்நகரில் இருக்கும் மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையம் அதைக் கலந்து ஹிட்காரி என்று ஓர் இனத்தையே உருவாக்கியது. இறகு சுருண்டு மேல்நோக்கி நிற்கும் கோழியை வைத்து உருவாக்கியது உப்காரி. எலும்புவரை கறுத்திருக்கும் கடக்நாத் கோழியின் கறுப்பும் மரபணுவில் ஒரு பகுதி இரட்டித்துப்போனதால் வந்ததுதான். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவாவுக்கு 2018இல் அந்தக் கறிக்காகப் புவிசார் குறியீடு கிடைத்தது. பயன் இருந்தால் விநோதத்துக்குப் பட்டம் உண்டு, விலையும் உண்டு.

கறுப்புப் பெட்டையின் கதை வேறு. மூன்று வருடம் முட்டையிட்டு, நான்கு முறை அடைகாத்துக் குஞ்சு பொரித்த கோழி அது. ஓர் ஆடியில் முட்டை நின்றது. கார்த்திகைக்குள் கொண்டை சிவந்து பெருத்தது. காலில் முள் முளைத்தது. பழைய இறகு உதிர்ந்து புதியது வந்தபோது வால் இறகு அரிவாள்போல் வளைந்து நீண்டிருந்தது. ஒருநாள் விடிகாலையில் கூவியது. நான் போயிருந்த அன்று நானும் கேட்டேன். நல்ல கூவல் என்று சொல்ல முடியாது. தொண்டை உடைகிற வயதில் பையன்கள் பாட எத்தனிப்பதுபோல, ஏறி, பாதியில் நின்று போகிற குரல்.

அக்காவின் கொழுந்தனார் அன்றே சொல்லிவிட்டார், கூவுகிற பெட்டையை வைத்திருந்தால் வீட்டு ஆண்களுக்கு ஆகாது என்று. வீட்டுக்காரரும் கழுத்தைத் திருகிப் போடச் சொன்னார். மலையில் மட்டும் உள்ள நம்பிக்கை இல்லை இது. கீழே சேலத்தில், ஓமலூரில், எங்கள் அம்மா ஊரில் எல்லாம் இதையேதான் சொல்வார்கள். அக்கா மறுத்துவிட்டார். காரணம் கேட்டேன். கோழிமீது பாசம், உயிர்க்கொலை பாவம் என்றெல்லாம் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன்.

“எங் காசுல வாங்குன கோழி கண்ணு. அறுக்கறதா இருந்தா நான் அறுக்கோணும். அவுங்க யாரு சொல்ல?”

இந்தப் பதிலில் நான் ரொம்ப நாள் நின்றுவிட்டேன். காட்டுக்குப் பட்டா அவர் கணவர் பெயரில். காபிக்கொட்டையும் மிளகும் விற்ற பணம் கணவர் கையில். கோழியும் முட்டையும் மட்டும் அவருடையவை. பள்ளிக்கூடப் பையும், மாத்திரையும், மகள் வீட்டுக்குப் போய்வரப் பஸ் காசும் அந்தக் கோழிக்காசிலிருந்துதான் வரும். தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இந்தக் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஆண்களுக்கு ஆகாது என்று சகுனம் பார்த்த குரல் நீண்டு வந்து தொட்ட இடம், அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே இடம். அவர் கூவலைக் காக்கவில்லை. கொடாப்பைக் காத்தார். எட்டு மாதம் கோழி உயிரோடு இருந்தது. வீட்டு ஆண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஓர் இரவில் காட்டுப்பூனை கொண்டுபோய்விட்டது. பார்த்தாயா என்று கொழுந்தனார் கேட்டாராம். அதே காட்டுப்பூனை அந்த மாதம் அவருடைய சேவல் இரண்டையும் தூக்கியது என்பதை மாணவி சொல்லிச் சிரித்தாள்.

கோழிக்குள் என்ன நடந்தது? பெண் கோழிக்கு வேலை செய்கிற சினைப்பை ஒன்றே ஒன்று, இடப்பக்கம். முட்டைக்குள் கருவாக இருக்கும்போது இரண்டு பக்கமும் தொடங்கும். வலப்பக்கம் இருப்பது வளராமல் ஒரு துணுக்காக நின்றுவிடும். நோயோ கட்டியோ வந்து இடப்பக்கச் சினைப்பை அழிந்தால், அதுவரை அதன் சுரப்பால் அடங்கிக் கிடந்த வலப்பக்கத் துணுக்கு வளரத் தொடங்கும். வளர்வது சினைப்பையாக இல்லாமல் பெரும்பாலும் விதைப்பையாகவோ இரண்டும் கலந்த ஒன்றாகவோ இருக்கும். எடின்பர்க்கில் கோழிகளை ஆராய்ந்த எஃப். ஏ. இ. க்ரூ, முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்த பெட்டை ஒன்று பின்னால் கூவத் தொடங்கி, இரண்டு குஞ்சுகளுக்குத் தந்தையும் ஆனது என்று 1923இல் எழுதினார். அறுத்துப் பார்த்தபோது சினைப்பை நோயால் அழிந்திருந்தது. தந்தையாவது மிக மிக அரிது. கூவுவது அவ்வளவு அரிதில்லை.

இதில் எனக்கு வியப்பாக இருந்தது இறகுதான். சேவலின் பகட்டான இறகு ஆண் சுரப்பால் வருவது என்றுதான் நினைத்திருந்தேன். கோழிகளில் அப்படி இல்லை. காயடித்த சேவலுக்கும் அதே பகட்டு இறகு வரும். சினைப்பையை எடுத்துவிட்ட பெட்டைக்கும் அதுவே வரும். அடக்கமான பெட்டை இறகை உண்டாக்கத்தான் பெண் சுரப்பு உழைக்கிறது. இதன் மறுபக்கமும் உண்டு. பெட்டையின் இறகோடு பிறக்கும் சேவல்கள் இருக்கின்றன. ஆந்திரத்தில் சேவல் சண்டைக்காரர்கள் அவற்றைப் பெட்டமாரு என்பார்கள். இங்கிலாந்தின் செப்ரைட் சேவல்களும் இவ்வகை. டி. எச். மார்கன் 1919இல் அவற்றைக் காயடித்துக் காட்டினார். பெட்டை இறகு போய்ச் சேவல் இறகு வந்தது. ஆண் சுரப்பை அவற்றின் தோலே பெண் சுரப்பாக மாற்றிக்கொள்வதுதான் காரணம் என்பது பின்னால் தெரியவந்தது.

அதே எடின்பர்க்குக்கு அருகில், ரோஸ்லின் ஆய்வு நிலையத்தில், 2010இல் மூன்று கோழிகள் செய்தியாயின. உடம்பின் ஒரு பாதி சேவல், மறுபாதி பெட்டை. ஒரு காலில் முள், மறு காலில் இல்லை. ஒரே இரத்தம்தான் இரு பாதியிலும் ஓடியது, ஒரே சுரப்புகள்தான் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தன. ஆனாலும் ஒவ்வொரு பக்கத்துச் செல்களும் தம்முள் இருந்த குரோமோசோமின்படியே நடந்துகொண்டன. க்ரூவின் கோழியைப் பார்த்தால் பால் என்பது மாறக்கூடியது என்று தோன்றும். ரோஸ்லின் கோழியைப் பார்த்தால் அது ஒவ்வொரு செல்லிலும் எழுதப்பட்டிருக்கிறது என்று தோன்றும். இரண்டும் கோழிகள்தான்.

இங்கேதான் எனக்குச் சில தோழிகளோடு கருத்து வேறுபாடு. கூவும் பெட்டையைப் பற்றிச் சொன்னதும் ஒருவர், “பார்த்தாயா, இயற்கையே நம் பக்கம்” என்றார். அடுத்த இதழின் அட்டையில் போடலாம் என்றார் இன்னொருவர். எனக்கு மனம் வரவில்லை. கறுப்புப் பெட்டை விடுதலைக்காகக் கூவவில்லை. அநேகமாக அதன் வயிற்றில் ஒரு கட்டி இருந்தது. பகட்டு இறகு இயல்பாய் வருவது, பெண் இறகே உழைப்பால் வருவது என்ற செய்தியை வைத்துக்கொண்டு ஒரு மேடைப் பேச்சு பேசிவிடலாம். ஆனால் பாலூட்டிகளில் இது தலைகீழ். அங்கே சுரப்பு எதுவும் தலையிடாவிட்டால் உடல் பெண் வடிவில்தான் அமையும். கோழியைச் சாட்சிக்கு அழைத்தால் எதிர்த்தரப்பு எலியை அழைக்கும். இயற்கை கூலிக்கு வாதாடுகிற வக்கீல், இரண்டு கட்சிக்கும் வரும்.

அதை வக்கீலாக வைத்துக்கொண்டவர்கள் வரலாறு முழுக்க இருக்கிறார்கள். சண்டையில் சேவலை வென்ற பெட்டை கூவத் தொடங்கும் என்று அரிஸ்டாட்டில் விலங்குகள் பற்றிய நூலில் எழுதினார். தாய்க்கோழி இறந்தால் சேவல் குஞ்சுகளைப் பேணுவதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். அதை யாரும் பழமொழியாக்கவில்லை. சீனத்தின் பழைய ஆவணத் தொகுப்பான ஷூஜிங்கில், சாங் வம்சத்தின் கடைசி அரசன்மீது படையெடுத்து வரும் ஊ அரசன், அவன் மனைவி சொல் கேட்கிறவன் என்பதைக் குற்றமாகச் சாட்டும்போது பெட்டைக்கோழி விடியலை அறிவிப்பதையே உவமையாக்குகிறான். ஒரு வம்சம் கவிழ்ந்த பழியும் கோழி தலையில். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1474இல் முட்டையிட்டதாகச் சேவல் ஒன்றின்மீது வழக்கு நடத்தி, முட்டையோடு சேர்த்து எரித்தார்கள். அது கறுப்புப் பெட்டை போன்ற ஒன்றாக, அதாவது சேவல் உருவம் ஏறிய பெட்டையாக இருந்திருக்கலாம். ஐந்து விரலையும் மொட்டைக் கழுத்தையும் பொறுத்துக்கொள்கிற மனம் இதை மட்டும் பொறுக்காததற்குக் காரணம், ஐந்தாவது விரலை வைத்து யாரும் யாரையும் ஆண்டதில்லை என்பதாக இருக்கலாம்.

அப்படியானால் கேள்வி இதுதான்: ஓர் உயிரை அதன் வழியில் விடுவதற்கு இயற்கையின் சான்றிதழ் தேவையா? கூவுவது நோயால் என்று தெரிந்தால் கழுத்தைத் திருகலாமா? மரபணுவால் என்றால் விட்டுவிடலாமா? விரும்பிக் கூவினால்?

சேலத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியை வெறும் தத்துவமாக வைத்துக்கொள்ள முடியாது. மலையிலிருந்து இறங்கித் தெற்கே போனால் நாமக்கல். முட்டைப் பண்ணைகளுக்குக் குஞ்சு அனுப்பும் பொரிப்பகங்களில், பொரித்த அன்றே குஞ்சுகளைக் கையில் எடுத்துப் பிரித்துவிடுவார்கள். பின்பக்கத்தைப் பிதுக்கிப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் முறை 1920களில் ஜப்பானில் வளர்ந்தது. சிறகு முளைக்கும் வேகத்தை வைத்துப் பிரிக்கும் முறை பின்னால் வந்தது. தேர்ந்த கைக்குச் சில நொடிகள் போதும். பெண் குஞ்சு முட்டையிடும், எனவே வாழும். முட்டை இனத்து ஆண் குஞ்சு முட்டையும் இடாது, கறிக்கும் தேறாது. அன்றே கொல்லப்படும். தப்பியவை சாயம் பூசப்பட்டுத் திருவிழாக் கடைகளில் கலர் குஞ்சுகளாக விற்கும். நாம் சின்ன வயதில் அடம்பிடித்து வாங்கி, நான்கே நாளில் செத்துப்போனதற்கு அழுத அந்தப் பச்சைக் குஞ்சும் ரோஜாக் குஞ்சும் அநேகமாக எல்லாமே ஆண்கள்.

இதே மாவட்டத்தில்தான் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. பிறந்த பெண் குழந்தைக்கு நெல்மணியும் எருக்கம்பாலும் கொடுத்தவர்களிடம், கொல்லாதீர்கள், தொட்டிலில் போட்டுவிடுங்கள் என்று அரசாங்கம் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பொரிப்பகத்துக் கையும் பேறுகாலக் கையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. குழந்தையைக் கொன்ற வீடுகளில் அழுகையும் இருந்தது, மிரட்டலும் இருந்தது. பல வீடுகளில் தாயைக் கேட்கவே இல்லை. ஆனால் முதல் நாளிலேயே காலுக்கிடையில் பார்த்து வாழ்வா சாவா என்று முடிவு கட்டுகிற கணக்கு ஒன்று இருக்கிறது. கோழியில் அது ஆணைக் கழிக்கிறது, மனிதரில் பெண்ணை. யார் கழிக்கப்படுகிறார் என்பது விலையைப் பொறுத்தது. அந்தக் கணக்குக்குள் அடங்காத உடம்பு ஒன்று வந்தால் என்ன செய்வது என்பது அதற்குத் தெரியாது. கத்தியை எடுக்கும்.

எடுத்தும் இருக்கிறது. பிறக்கும்போதே ஆண் பெண் என்று பிரித்துச் சொல்ல முடியாத உடலோடு வரும் குழந்தைகளை, இன்று ஊடுபால் என்று சொல்கிறோம், மருத்துவர்கள் வெகுகாலம் அறுத்து ஏதோ ஒரு பக்கம் சேர்த்துவந்தார்கள். உயிருக்கு ஆபத்து ஏதும் இல்லாத குழந்தைகளையும். பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் சொன்னது. நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் அளித்த அந்தத் தீர்ப்பைத் தொடர்ந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, உயிர் காக்கும் அவசியம் இருந்தாலொழிய அத்தகைய அறுவைச் சிகிச்சை கூடாது என்று ஆணையிட்டது. இந்தியாவில் இப்படி ஓர் ஆணையை முதலில் போட்ட மாநிலம் இதுதான். அந்தத் தீர்ப்பு எனக்குப் பிடித்ததற்குக் காரணம், அது குழந்தையின் குரோமோசோம் என்ன என்று கேட்கவில்லை. உடம்பு யாருடையது என்று கேட்டது. நாகலூர்ப் பாதையில் அக்கா சொன்ன பதிலும் அதற்குப் பக்கத்தில்தான் வருகிறது; முழுக்க அதுவே என்று சொல்ல முடியாது. அவர் பேசியது தன் சொத்தைப் பற்றி. கோழிக்கும் ஓர் உடம்பு உண்டு, அதை அறுக்கும் உரிமை அவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நானும் கறி தின்கிறவள்தான்.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்திரராஜன் 2006இல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வென்றார். பாலினச் சோதனை ஒன்றைச் செய்து அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்ணுக்கு உள்ள எல்லாத் தடைகளையும் வறுமையையும் தாண்டி ஓடியவர். அதற்கெல்லாம் யாரும் சோதனை வைக்கவில்லை. வென்ற பிறகுதான் வைத்தார்கள். தோற்றிருந்தால் அவர் பெண்ணாகவே இருந்திருப்பார்.

என் தொழில் இலக்கணம் கற்பிப்பது. தொல்காப்பிய மரபியலை ஆண்டுதோறும் நடத்துகிறேன். எந்த விலங்கின் குட்டிக்கு என்ன பெயர், ஆணுக்கு என்ன, பெண்ணுக்கு என்ன என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும் இயல் அது. மாணவர்கள் கொட்டாவி விடும் இயலும்கூட. பேடை, பெடை, பெட்டை, அளகு என்று பெண் பறவைக்குப் பெயர்கள் வரும். அளகு கோழிக்கும் கூகைக்கும் உரியது. சிறகுள்ள எல்லாவற்றின் ஆணுக்கும் சேவல் என்று பெயர், மயில் தவிர. ஏன் மயில் தவிர? தோகையும் சாயலும் பெண்பால் போல இருப்பதால் அதற்கு ஆண் தன்மை இல்லை என்று பேராசிரியர் உரை காரணம் சொல்கிறது. அழகாக இருந்த குற்றத்துக்காக ஓர் ஆணின் பெயர் பறிபோயிருக்கிறது! இன்னொரு சொல் பேடு. பெண் பறவைக்கும் பேடு, ஆண் பெண் இரண்டிலும் அடங்காத மனிதருக்கும் பேடு. அவர்களுக்கு எந்தப் பாலின் வினைமுற்று வரும் என்று நன்னூலார் தனியே உட்கார்ந்து விதி எழுதினார். அந்த மனிதர்கள் அன்றும் எதிரில் நின்றிருந்தால்தானே விதி வேண்டியிருக்கும்.

இந்த ஆண்டு இந்தப் பகுதியை நடத்தியபோது ஒரு பையன் எழுந்து, கூவுகிற பெட்டைக்கு என்ன பெயர் மேடம் என்று கேட்டான். குறும்புக்குத்தான் கேட்டான். மரபியலில் இல்லை என்றேன். ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். சேவட்டை என்றான் ஒருவன். பின் வரிசையிலிருந்து வந்த இன்னொன்றை இங்கே எழுத முடியாது, அதற்கும் சிரிப்பு எழுந்தது. ஏற்காட்டு மாணவி சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். உங்கள் பெரியம்மா அதை என்னவென்று கூப்பிட்டார் என்று அவளிடம் கேட்டேன்.

“கருப்பின்னு கூப்புடுவாங்க மேடம்.”

“கூவ ஆரம்பிச்ச அப்புறம்?”

“அப்புறமும் கருப்பிதான்.”